செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0171 வருகிறது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். விளக்கு சில நாட்களாக எரிகிறது, ஸ்கேனர் பி0171 என்று காட்டுகிறது, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) எஞ்சின் லேசாக நடுங்குகிறது, ஓட்டும்போது குறை எதுவும் தெரியவில்லை, மெக்கானிக் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் எதுவுமே அந்தச் சென்சார் கெட்டுவிட்டது என்பதற்குச் சான்றாகாது. சென்சார் ஒழுங்காக வேலை செய்வதால்தான் இந்தக் குறியீடே பதிவாகியிருக்கிறது என்று கருதுவதற்கே இங்கு அதிக இடம் இருக்கிறது.

பி0171 என்பது, எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று கூடுதலாகவும் பெட்ரோல் குறைவாகவும் இருக்கிறது என்று எஞ்சின் கணினி தெரிவிக்கும் புகார். பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்தபின் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்துக் கலவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல, கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்துகொண்டே இருக்கும். கூட்டிக் கூட்டி எல்லைக்கே போன பிறகும் கலவை சரியாகவில்லை என்றால் பி0171 பதிவாகும். சென்சாரிலேயே கோளாறு என்று கணினி சந்தேகித்தால் அதைச் சொல்லத் தனிக் குறியீடுகள் உண்டு: பி0133 என்றால் சென்சார் மெதுவாகப் பதில் தருகிறது, பி0134 என்றால் பதிலே தருவதில்லை, பி0135 என்றால் அதன் ஹீட்டர் சுற்றில் பழுது. உங்களுக்கு வந்திருப்பது இவற்றில் எதுவும் இல்லை.

அடுத்து, யார் சொன்னாலும் இப்போது குறியீட்டை அழிக்காதீர்கள். அழித்தால் விளக்கோடு சேர்த்து, துப்புத் துலக்க உதவும் தகவல்களும் போய்விடும். குறியீடு பதிவான அந்த நொடியில் எஞ்சினின் வேகம், சூடு, சுமை, வண்டியின் வேகம், பெட்ரோல் திருத்தத்தின் அளவு ஆகியவற்றைக் கணினி சேமித்து வைத்திருக்கும். ஸ்கேனரில் இது ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பெயரில் இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுகொண்டு ஐடிலில் இருந்தபோது குறியீடு பதிவானதா, சுமையோடு வேகமாக ஓடியபோது பதிவானதா என்பது ஒன்றே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். ஓபிடி-2 (காரின் கணினி கோளாறுகளைக் குறியீடாகச் சொல்லும் பொது முறை) வசதியுள்ள எந்தக் காரிலும், ஓட்டுநர் பக்கத்து டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் செருகும் சாதாரண ப்ளூடூத் கருவியும் ஒரு கைப்பேசிச் செயலியும் இதற்குப் போதும்.

இனி நீங்கள் பார்க்க வேண்டியது ஃபியூல் ட்ரிம், அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் திருத்தம். ஸ்கேனரின் நேரடித் தகவல்களில் குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு எண்கள் சதவீதத்தில் இருக்கும். குறுகிய காலத்தது கணினி இந்த நொடியில் செய்யும் திருத்தம், நீண்ட காலத்தது அது பழகி மனத்தில் பதித்துக்கொண்ட திருத்தம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் கலவையில் குறை இல்லை. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. கூட்டல் பக்கமாக இருபதைத் தாண்டினால் எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது, அல்லது வர வேண்டிய பெட்ரோல் வரவில்லை. இந்த இரண்டில் எது என்பதையும் அதே எண்களே சொல்லும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு முதலில் ஐடிலில் பாருங்கள். பிறகு வண்டியை நிறுத்திய நிலையிலேயே ஆக்சிலரேட்டரை மிதித்து, 2500 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) சிறிது நேரம் நிலையாகப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பாருங்கள். ஐடிலில் உயர்ந்திருந்த திருத்தம் 2500-இல் இறங்கினால், காற்று அளவிடும் சென்சாருக்குப் பின்னால் ஏதோ ஓர் இடத்தில் காற்று கசிந்து உள்ளே போகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே குறைவு என்பதால் சிறிய ஓட்டை வழியாக வருவதும் பெரும் பங்காகிவிடுகிறது. வேகம் கூடினால் அதே ஓட்டையின் பங்கு சிறுத்துவிடுகிறது. மாறாக, ஐடிலில் ஓரளவு சரியாக இருந்து, சுமை ஏற ஏறத் திருத்தமும் ஏறினால் பெட்ரோல் பம்ப், அடைத்த ஃபியூல் ஃபில்டர், அழுக்கேறிய காற்று அளவு சென்சார் ஆகியவற்றின் பக்கம் திரும்புங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்காமல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கார்களும் உண்டு. அவற்றில் கசிந்து நுழையும் காற்றும் அந்த அழுத்தக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால், திருத்தம் பெரிதாக உயராமல் ஐடில் வேகம் மட்டும் கூடித் தெரியலாம். உங்கள் காரில் இருப்பது எந்த முறை என்பதை முதலில் தெரிந்துகொண்டு எண்களைப் படியுங்கள்.

என்னுடைய காரிலும் இதே குறியீடு வந்து, ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லும் இதே ஆலோசனை கிடைத்தது. ஐடிலில் இரண்டு திருத்தங்களும் சேர்ந்து இருபதுக்கு மேல் நின்றன, 2500-இல் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கின. அதன் பிறகு பானட்டுக்குள் பார்க்க வேண்டிய இடம் மிகவும் சுருங்கிவிட்டது. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து, காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வான த்ராட்டிலுக்குப் போகும் ரப்பர் குழாய் மேலிருந்து பார்க்கும்போது புதிது போலவே இருந்தது. கிளாம்ப்பைத் தளர்த்தி, அந்தக் குழாயின் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரல்களால் விரித்துக்கொண்டே வந்தபோது, அடிப்பக்கத்து மடிப்பின் உள்வாயில் விரல் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. எஞ்சின் நின்றிருக்கும்போது ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெடிப்பு மூடிக்கொள்கிறது, ஓடும்போது எஞ்சின் அசைவில் அது வாய் திறக்கிறது. குழாயை மாற்றினேன், திருத்தம் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டது. பழைய ஆக்சிஜன் சென்சார் இன்றும் அதே இடத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நீங்களும் அந்தக் குழாயில் தொடங்குங்கள். பிறகு பிசிவி குழாய் (எஞ்சினுக்குள் சேரும் வாயுக்களை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்புவது; எண்ணெய் பட்டுப்பட்டு இது ஊறித் தளர்ந்துவிடும், குறிப்பாக வளைவுகளில்), பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், சிறு வேக்குவம் குழாய்களின் முனைகள், கடைசியாக இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் என்று போகலாம். ஓடும் எஞ்சின் மீது கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. சூடான புகைக்குழாயின் அருகில் அது தீப்பிடிக்கும் என்பதால் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். இன்டேக்குக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்தி, அது எங்கே வெளியேறுகிறது என்று பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் பாதுகாப்பானது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பையும் காட்டிக்கொடுக்கும்.

கசிவு எங்கும் இல்லை என்றால், அழுக்கேறிய காற்று அளவு சென்சாரை அதற்கென்றே விற்கும் கிளீனரால் மட்டும், கை படாமல் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சரியான கலவையே காற்று மிகுந்தது போலத் தோன்றும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று கேட்பது இதற்கு ஓர் அடையாளம்.

இவ்வளவுக்குப் பிறகும் சென்சார் மீது சந்தேகம் இருந்தால் அதையும் சோதித்துப் பார்க்க முடியும். பழைய வகை சென்சாராக இருந்தால், சூடான எஞ்சினில் அதன் வோல்டேஜ் ஏறத்தாழ 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8-ஐத் தாண்ட வேண்டும், சட்டென்று விட்டால் பூஜ்யத்தை நெருங்க வேண்டும். இரண்டு பக்கமும் விரைவாகப் போய் வரும் சென்சாரைக் கழற்ற வேண்டிய காரணமே இல்லை. புதிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் இருப்பது கலவை விகிதத்தையே அளக்கும் வேறு வகை என்பதால், இந்த வோல்டேஜ் கணக்கு அதற்குப் பொருந்தாது.

பாகத்தை மாற்றும் முன் சோதித்துக் கண்டுபிடிக்கும் இந்த வழி பி0171-க்கு மட்டும் உரியதன்று. பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். சிலிண்டருக்கு ஒன்றாக இக்னிஷன் காயில் உள்ள காரில், அந்தக் காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் காரணம், மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். ஆனால் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது. அப்போது வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள், மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

பழுதைச் சரிசெய்த பிறகுதான் குறியீட்டை அழிக்க வேண்டும். அழித்த உடனே விளக்கு அணைந்திருப்பதை மட்டும் பார்த்துவிட்டு ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிளம்பாதீர்கள். அழித்தால் எந்தக் காரிலும் விளக்கு அணையத்தான் செய்யும். இந்தக் கோளாறு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் பல கார்களில் விளக்கு மறுபடி எரியும் என்பதால், சில நாட்கள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, நிலுவைக் குறியீடு (விளக்கை எரியவிடும் முன் கணினி குறித்துவைப்பது) ஏதாவது இருக்கிறதா என்றும், ஐடிலில் திருத்தம் எவ்வளவு நிற்கிறது என்றும் ஸ்கேனரில் பாருங்கள். இப்போதைய ஃப்ரீஸ் ஃப்ரேமையும், ஐடிலிலும் 2500-இலும் வரும் ட்ரிம் எண்களையும் இங்கே பதிவிட்டால், அடுத்து எந்த இடத்தைத் திறந்து பார்க்கலாம் என்று சொல்கிறேன்.