கேமரா கேள்வி-பதில்: அம்மாவின் முகத்தில் நிழல்

கேள்வி: புதிதாக கேமரா வாங்கியிருக்கிறேன், 18-55 மி.மீ. லென்ஸ். வெளியில் அம்மாவைப் படம் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழுகிறது. பின்னணியும் மங்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நிழலுக்குக் காரணம் உச்சி வெயில். வெயில் சாய்ந்த பிறகு எடுங்கள். பகலில்தான் முடியும் என்றால், மர நிழலின் விளிம்பில், முகம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி நிற்க வையுங்கள். இலை இடுக்கில் விழும் புள்ளி வெயில் மட்டும் முகத்தில் படவே கூடாது. அதைப் பிறகு கணினியில் சரிசெய்வது பெரும்பாடு.

பின்னணி மங்க, லென்ஸை 55-இல் வைத்து, எஃப் எண்ணை (லென்ஸ் திறப்பின் அளவைக் குறிக்கும் எண்) 5.6 ஆக்கி, அம்மாவை நெருங்கி நில்லுங்கள். பின்னால் இருக்கும் செடியோ சுவரோ அவரைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு மங்கும். 18-இல் கிட்டப் போய் எடுக்காதீர்கள், மூக்கு பெரிதாகத் தெரியும். ஃபோகஸ் உங்களுக்கு அருகில் உள்ள கண்ணில். ஷட்டர் வேகம், அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரம், 1/250 நொடி போதும்.

அப்புறம், "சிரிங்கம்மா" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். அவருக்குப் பிடித்த யாரைப் பற்றியாவது பேச்சுக் கொடுங்கள். பேசி முடித்ததும் முகம் தளரும் அந்த ஒரு நொடிதான் நமக்கு வேண்டியது. அதற்காகத் தொடர்ந்து படமெடுக்கும் முறையை முன்பே இயக்கி வைத்திருங்கள்.