எத்தனை கோட்டை நெல்?

கேள்வி: என் ஃபேன்டசி நாவலைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இளவட்டங்கள் படிக்க வேண்டும் என்று எழுதியது. ஒரு திருடன், பகை கொண்ட இரண்டு ராணிகள், போர், அரண்மனைச் சதி எல்லாம் இருக்கிறது. ஒரு வரி காரணம்கூடச் சொல்லவில்லை. கரிசலும் பனையும் வறுமையும் இருந்தால்தான் உங்களுக்குக் கதையா? நெல்லைச் சீமையில் கற்பனைக்கு இடமே கிடையாதா?
- பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: காரணம் எழுதாமல் திருப்பியது என் தப்புதான், தம்பி. நாலு வரியில் எழுதினால் உமக்குக் கோபம் வரும், நாற்பது வரிக்கு எனக்கு நேரம் இல்லை என்று விட்டுவிட்டேன். கோபம் எப்படியும் வந்துவிட்டது. நாற்பது வரியையே எழுதிவிடுகிறேன்.

பனை இல்லை என்று திருப்பவில்லை. பனி கொட்டுகிற மலை ராஜ்யம், பேசுகிற ஓநாய் எல்லாம் எனக்குச் சம்மதம். நானூற்றுச் சொச்சம் பக்கத்தையும் படித்தேன். நடுவில் கரண்டு போய் முப்பது பக்கம் டார்ச் வெளிச்சத்தில். என் வழக்கு வேறு. உமது திருடனுக்குத் திருடத் தெரியவில்லை.

ஏழாம் அத்தியாயத்தைப் பாரும். கயிறு வீசி மதில் ஏறுகிறான். காவலாளி குறட்டை விடுகிறான். சாவி அவன் இடுப்பிலேயே தொங்குகிறது. மகுடத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறான். இதற்குத் திருடன் எதுக்குவே? மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போதாதா?

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை எடுத்துப் படியும். கோவலனைக் கண்ட காவலர்கள் தயங்குகிறார்கள், இது கள்வன் முகமாக இல்லையே என்று. பொற்கொல்லன் சிரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களுக்குத் துணையான எட்டையும் வாத்தியார் மாதிரி எண்ணிச் சொல்கிறான். பிறகு ஒரு கதை. பகலெல்லாம் தூதன் வேடத்தில் அரண்மனை வாசலில் இருந்தவன், ராத்திரி பெண்வேடத்தில் உள்ளே புகுந்து, விளக்கு நிழலோடு நிழலாகப் போய், தூங்குகிற இளவரசன் தோளிலிருந்து வயிர ஆரத்தைக் கழற்றிக்கொள்கிறான். இளவரசன் விழித்து வாளை உருவினால் உறை கள்வன் கையில்! வீசுகிற ஒவ்வொரு வீச்சும் அந்த உறைக்குள்ளேயே போய்ச் செருகிக்கொள்கிறது. சரி, மல்லுக்கட்டுவோம் என்று பாய்ந்தால், இருட்டில் ஒரு தூணைக் காட்டிவிட்டு மறைந்துவிடுகிறான்.

இதையெல்லாம் சொல்கிறவன் யார்? அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான். உமது சதிகாரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அறுபது பக்கம் பேசுகிறார்கள். இந்த ஆள் தன் குடிசை ஓரத்தில் நின்று ஒரு கதை சொல்லி ஒருவன் உயிரை முடித்துவிடுகிறான்.

அது மதுரை, பழைய கதை என்பீர். உம்ம ஊருக்கே வருவோம். உம்ம பெருமாள் பேர் கள்ளபிரான். ஏன் அந்தப் பேர் என்று வீட்டில் ஆச்சியிடம் கேட்டிருப்பீர். காலதூஷகன் என்று ஒரு திருடன், கொள்ளையில் பாதியைப் பெருமாளுக்குக் கொடுக்கிறவன். ராஜாவின் ஆட்கள் அவனைத் தேடி வந்தபோது, அவன் உருவத்தில் பெருமாளே அரசன் முன்னால் போய் நின்றார் என்பது தலபுராணம். திருடனாகவே சபைக்கு வந்து நிற்கிற தெய்வம்! இதைவிடவா உமக்கு ஃபேன்டசி வேண்டும்?

அதே ஊரில்தான் கும்பினியாரின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின், நெற்களஞ்சியம் இருந்தது. கட்டபொம்மனின் அமைச்சர் தானாபதி பிள்ளை அதைச் சூறையாடிய இடத்தைக் கட்டபொம்மன் கதை சொல்கிறவர்கள் யாரும் விடமாட்டார்கள். கிஸ்தி பாக்கி, ராமநாதபுரத்துக் கைகலப்பு, இந்த நெல், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றுத் தூக்கில் வந்து நின்றது. நம்ம பக்கத்தில் கோட்டை என்றால் மதிலும் உண்டு, 21 மரக்கால் கொண்ட நெல் அளவும் உண்டு. உமது நாவலில் முதல் கோட்டை பதினொன்று இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். இரண்டாவது ஒன்றுகூட இல்லை. அந்தப் பனி ராஜ்யத்தில் சனம் என்னத்தைத் தின்கிறது? படைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது? மகுடம் போனால் ராணிக்கு என்ன நஷ்டம், இன்னொன்று செய்துகொள்ள மாட்டாளா?

காவல் விஷயமும் அப்படித்தான். உமது காவலாளி சம்பளம் வாங்கித் தூங்குகிறான். பாளையக்காரர் காலத்துக் காவலில் களவு போனால் காவல்காரன் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். காவல் பணம் கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போகும். துப்புச் சொல்கிறவனுக்குத் துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும். யார் கட்டினது, யார் அவிழ்த்தது என்று கேட்கக்கூடாது. அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதில் பாளையக்காரருக்கும் கும்பினிக்கும் நடந்த இழுபறியை ஒரு அத்தியாயம் எழுதிப் பாரும். உமது மந்திரி தானாகவே பேச ஆரம்பிப்பான்.

போருக்கு நாற்பது பக்கம் முரசு கொட்டியிருக்கிறீர். 1801 பிப்ரவரி 2-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சி மதில் மறுபடியும் எழும்பி நிற்பதைப் பார்த்துக் கும்பினிப் படை வாயைப் பிளந்தது. மே 24 வரைக்கும் அந்த மண்சுவர் விழவில்லை. அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒரு காட்சி எழுதிவைத்திருக்கிறார். பேச்சு வராத அந்த மனிதர் இடது உள்ளங்கையில் வைக்கோல் துரும்புகளைப் பரப்புவாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. வாயால் ‘உஸ்’ என்று ஒரு சத்தம். வலது கையால் ஒரே தள்ளு. தாக்கு என்பதற்கு அதுதான் உத்தரவு. உமது தளபதி குதிரைமேல் நின்று மூன்று பக்கம் சொற்பொழிவு ஆற்றுகிறான். அதற்குள் எதிரி வந்து சாப்பிட்டுவிட்டே போயிருப்பான்.

ராணிகள் இருவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அதைச் சரிசெய்வது லேசு.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் அத்தியாயத்தில், முற்றுகைக்குள் அகப்பட்ட அரண்மனையின் மடைப்பள்ளியில் ஒரு கிழவி ராத்திரி விளக்கோடு வந்து மாவு மூடைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள். ஒன்று குறைகிறது. மறுபடி எண்ணுகிறாள். யாரிடமும் சொல்லாமல் விளக்கை ஊதிவிட்டுப் போகிறாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த பக்கத்தில் நீர் அவளை விட்டுவிட்டு மறுபடி ஓநாயிடம் போய்விட்டீர். கடைசிவரை அவள் திரும்பி வரவே இல்லை. அந்த மூடையை எடுத்தவன் யார் தம்பி? உமக்காவது தெரியுமா? தெரிந்தால் அங்கிருந்து எழுதத் தொடங்கி ஐப்பசிக்குள் அனுப்பும். இந்தத் தடவை தபால் செலவு ஆபீஸ் கணக்கில்.