பன்றி வேட்டைக்கு ஆள் சேர்க்கும் முன்

பேரணாம்பட்டு பக்கம் வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டதால், பத்துப் பேரோடு ராத்திரி வேட்டைக்கு உங்களை முன்னே போகச் சொல்கிறார்கள், எப்படிப் பாதுகாப்பாகப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். வேட்டையே வேண்டாம் அண்ணே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜெயில்தான், அப்புறம் கரண்ட் கம்பி, நாட்டு வெடி வைத்தால் மாட்டுவது நம்ம ஆளோ மாடோதான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியை வனத்துறை ஆட்களே சுட 2025-ல் அரசாணை வந்திருக்கிறது, சேதத்தைப் போட்டோ எடுத்து ரேஞ்சரிடம் மனுவோடு கொடுங்கள். அதுவரை அந்தப் பத்துப் பேரையே காவலுக்கு வையுங்கள், ஆனால் ஒருவரும் தனியாகப் போகக் கூடாது, குடித்தவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் (நம்ம ஊரில் அதுதான் கஷ்டம்), எல்லார் கையிலும் டார்ச், தட்ட ஒரு தகரம். பன்றி ஓடும் வழியில் மட்டும் நிற்காதீர்கள், மறித்தால் நேராக மேலே பாயும், கோரைப்பல் தொடையைத்தான் கிழிக்கும்.