வரைபடத்தில் வெள்ளையாக இருந்தால் பறவை இல்லை என்று அர்த்தமா? பினாங்கிலிருந்து ஒரு கேள்வி பதில்

பறவைகளும் அவற்றின் வாழிடமும் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் குறிப்பதைப் பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன, ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் இருப்பது புக்கிட் மெர்தாஜம். நில அளவைக்கு வரைபடம் போடும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன், பறவை பார்ப்பது அதற்கும் முன்னாலிருந்தே. தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிறையிலிருந்து ஓர் ஆசிரியை: பறவையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால் போதாதா? எதற்கு வரைபடம், கட்டம் எல்லாம்?

டீச்சர், சந்தோஷப்படுவதற்கு எதுவும் வேண்டாம்தான். ஆனால் ஒரு சேற்று நிலத்தையோ வயலையோ மண் கொட்டி நிரப்பலாமா என்று பேச்சு வரும் நாளில், "அங்கே பறவை நிறைய வரும்" என்று வாயால் சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். எந்த இனம், எந்த மாதம், எத்தனை, எந்த இடம் என்று எழுதி வைத்திருந்தால்தான் மேஜையில் வைத்துப் பேச முடியும். உங்கள் பக்கத்திலேயே இருக்கிற தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரைக்குமான கடலோரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க வெறும் சேறு. அது முக்கியப் பறவை இடங்களின் பட்டியலில் இருக்கிறது என்றால், வருடா வருடம் ஜனவரியில் வெயிலில் நின்று எண்ணியவர்களால்தான். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987லிருந்து நடக்கிறது. இத்தனை வருட எண்ணிக்கை கையில் இருப்பதால்தான் ஒரு இனம் குறைகிறது என்பதையே நம்மால் கண்டுபிடிக்க முடிகிறது.

செந்தூலிலிருந்து: அக்கா, எங்கள் தாமானில் (குடியிருப்பில்) காக்கா, மைனா, புறா தவிர ஒன்றும் இல்லை. அதைப் பதிவு செய்து என்ன ஆகப் போகிறது?

தம்பி, இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தப்பு செய்கிற இடம் இதுதான்.

பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கிற ஈபேர்ட் செயலியின் வரைபடத்தைத் திறந்து மலேசியாவைப் பாருங்கள். பிரேசர் மலை, கோலா சிலாங்கூர், பினாங்கு தேசியப் பூங்கா எல்லாம் புள்ளிகளால் நிரம்பியிருக்கும். நடுவில் பெரிய பெரிய வெள்ளை இடங்கள். அந்த வெள்ளையைப் பார்த்து "இங்கே பறவை இல்லை" என்று படிக்கிறோம். உண்மையில் அது "இங்கே யாரும் போகவில்லை" அல்லது "போனார்கள், எழுதவில்லை". "பறவை இல்லை", "பார்த்தவர் இல்லை" என்ற இரண்டையும் பிரிக்கத் தெரியாத வரைபடம் ஆபத்தானது, ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் ஒருவர் "காலி இடம்" என்று முடிவு கட்டுவார்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, அழகான பறவை வரும்போது மட்டும் எழுதுவதில்லை. ஒரு பதினைந்து நிமிடம் நில்லுங்கள் அல்லது நடங்கள், கண்ணிலும் காதிலும் பட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள், காக்கா உட்பட. எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் என்பதையும் சேருங்கள். "அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா" என்று செயலி கேட்கும்போது ஆம் என்று சொல்ல முடிகிற பட்டியல்தான் மதிப்புள்ளது. அந்தப் பட்டியலில் ஒரு பறவை இல்லை என்றால், அந்த இல்லாமையும் ஒரு தகவல். ஒருமுறை பார்க்காததற்கு அவ்வளவு அர்த்தம் இல்லை, அது இலைக்குப் பின்னால் சும்மா இருந்திருக்கலாம். அதே இடத்தில் பத்து முறை நின்றும் இல்லை என்றால், அப்போது பேசலாம்.

காக்காவையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். இந்த வீட்டுக் காகம் இந்த மண்ணின் பறவையே இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், காப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காகம் தங்கிவிட்டது. அது பரவியதும் அதன் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கும் இங்கே வசதியாகிவிட்டது. முன்பு குளிர்கால விருந்தாளியாக மட்டும் வந்த குயில் இப்போது இங்கேயே குஞ்சு பொரிக்கிறது, செந்தூலில் விடியற்காலையில் கூவுவது அதுதான். அந்தக் காலத்தில் யாராவது ஊர் ஊராகக் காக்காவை எழுதி வைத்திருந்தால், இந்தக் கதையை வருடவாரியாக வரைந்திருக்கலாம்.

கப்பளா பத்தாசிலிருந்து: எங்கள் வீட்டுக் கூரையில் சிட்டுக்குருவி நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் அழிகிறது என்கிறார்களே, இங்கே எப்படி?

அநேகமாக அது வேறு இனம். இங்கே நாம் தினமும் பார்ப்பது மரச்சிட்டு. உச்சந்தலை முழுக்கப் பழுப்பு, வெள்ளைக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு, ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. ஊரில் பாட்டி முற்றத்தில் அரிசி போட்ட சிட்டுக்குருவியில் ஆணுக்குத் தலை சாம்பல், பெண் வேறு நிறம். நாம் இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், அதில் தப்பில்லை, ஆனால் பதிவு செய்யும்போது கன்னத்தைப் பாருங்கள். விடுபட்ட புள்ளியை யாராவது பிறகு நிரப்புவார்கள். தப்பான இனத்தில் வைத்த புள்ளியை யாரும் தேடிப் போய் எடுக்க மாட்டார்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: கரைப்பறவை பார்க்க இரண்டு முறை போனேன். சேறும் தூரத்தில் புள்ளிகளும்தான். எப்போது போக வேண்டும்?

நீங்கள் தண்ணீர் வற்றிய நேரத்தில் போயிருக்கிறீர்கள், ஐயா. அப்போது சேறு வெகுதூரம் வெளியே தெரியும், பறவைகளும் அதன் ஓரத்துக்குப் போய்ப் புழுவும் நண்டும் தேடிக்கொண்டிருக்கும். கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்கிற ஓத அட்டவணையைப் பார்த்து, முழு ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள். தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் தானாகவே உங்களை நோக்கித் தள்ளப்பட்டு வரும். கோட்டான் (ஆந்தை இல்லை, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை), மூக்கன், பெரிய உள்ளான் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். நிதானமாகப் பார்த்தால் நார்ட்மன் பச்சைக்காலி கூடக் கிடைக்கலாம். உலகம் முழுவதிலும் சொற்பமாகவே மிஞ்சியிருக்கிற பறவை அது, பட்டர்வொர்த்துக்கு வடக்கே நம் சேற்றில் வந்து இரை தேடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துவிடும்.

வரைபடம் போடுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேறு மட்டும் கரைப்பறவையின் வாழிடம் இல்லை. தண்ணீர் ஏறியதும் அது உட்கார ஓர் இடம் வேண்டும்: கைவிட்ட இறால் குளத்து வரப்பு, மண் மேடு, சில சமயம் யாரோ கட்டடம் கட்டக் காத்திருக்கிற காலி மனை. சாப்பிடும் இடத்தைப் பாதுகாத்துவிட்டு இந்த உட்காரும் இடத்தை விட்டுவிட்டால், ஒவ்வோர் ஏற்றத்துக்கும் அது காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கும், சேர்த்த கொழுப்பெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். ஏப்ரல் வாக்கில் சைபீரியா நோக்கிப் பறக்க வேண்டிய உடம்பு அது. இவற்றின் சொந்தத்தில் ஒரு பட்டைவால் மூக்கன் 2022இல் அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கேயும் இறங்காமல் 11 நாளில் பறந்தது. அப்படிப்பட்ட பயணத்துக்குச் சேமிக்கிற கொழுப்பு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே இரண்டு இடத்தையும் குறியுங்கள், நடுவில் எந்த வழியாகப் பறக்கிறது என்று ஒரு கோடும் போடுங்கள்.

கோலாலம்பூரில் படிக்கும் ஒரு மாணவி: என்னிடம் பதிவுப் புள்ளிகள் இருக்கின்றன. இதை வைத்து ஓர் இனம் எங்கெல்லாம் இருக்கக்கூடும் என்ற வரைபடம் செய்ய வேண்டும். மேக்ஸென்ட் என்ற கணிப்பு மென்பொருளில் போட்டால் சரியாகுமா?

போடலாம்மா, ஆனால் புள்ளிகளை அப்படியே கொட்டாதீர்கள். நம் ஆட்கள் சாலை ஓரத்திலும் பூங்காவிலும்தான் நிற்கிறார்கள். அதைச் சரிசெய்யாமல் போட்டால், பறவைக்குத் தார்ச்சாலை பிடிக்கும் என்று கணினி கண்டுபிடித்துச் சொல்லும். முதலில் நெருக்கமான புள்ளிகளை மெலிதாக்குங்கள், ஒரு கட்டத்துக்கு ஒன்று என்கிற மாதிரி. ஒப்பிடுவதற்காகக் கணினிக்குக் கொடுக்கிற பின்னணிப் புள்ளிகளையும் மனிதர்கள் நிஜமாகப் போன இடங்களிலிருந்தே எடுங்கள். வேலை செய்யக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும், இலவசம்.

அப்புறம் செயற்கைக்கோள் படம். சென்டினல் 2 பத்து மீட்டர் துல்லியத்தில் சும்மா கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் பச்சை எல்லாம் காடு இல்லை. நான் முதன்முதலில் போட்ட காட்டுப் பறவை வரைபடத்தில் கூலிம் பக்கம் முழுக்கப் பச்சையாக வந்தது, எனக்கு ஒரே மகிழ்ச்சி. நேரில் போனால் எல்லாம் முதிர்ந்த செம்பனை (எண்ணெய்ப் பனை), கொஞ்சம் ரப்பர். அந்த வரைபடத்தை இரண்டு பேருக்கு அனுப்பியும் விட்டேன், திரும்பக் கூப்பிட்டுத் தப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்றிலிருந்து, கணினி "இங்கே இருக்கும்" என்று சொல்கிற இடங்களில் பத்துக்காவது நேரில் போகாமல் எதையும் வெளியே விடுவதில்லை. நீங்களும் உங்கள் ஆய்வேட்டில் அதற்கு நாட்களை ஒதுக்குங்கள்.

இன்னொன்று, பரப்பு என்று எழுதும்போது எந்தப் பரப்பு என்று சொல்லுங்கள். வெளிப்புள்ளிகளைச் சுற்றி நூல் கட்டினால் வருவது ஒன்று, நிஜமாக உட்கார்ந்திருக்கிற இடம் இன்னொன்று. அழியும் இனங்களின் சிவப்புப் பட்டியலை வெளியிடுகிற ஐயுசிஎன் இரண்டாவதை 2 கிலோமீட்டர் கட்டங்களில் எண்ணச் சொல்கிறது. முதல் கணக்கில் தீபகற்பம் முழுக்க இருக்கிற ஓர் இருவாச்சி, இரண்டாவதில் துண்டு துண்டுக் காட்டில் ஒடுங்கியிருக்கும்.

பாயான் லெப்பாஸிலிருந்து: மெர்லின் என்ற செயலி பறவைக் குரலைக் கேட்டு இனம் சொல்கிறது. அதை அப்படியே பதியலாமா?

வேண்டாம். எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுகிற விரலாக வைத்துக்கொள்ளுங்கள். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அச்சு அசலாக எடுக்கும், செயலி என்ன செய்யும் பாவம்.

ஜோர்ஜ் டவுனிலிருந்து ஒரு புகைப்படக்காரர்: ஒரு கூடு கண்டுபிடித்தேன். இடத்தைக் குழுவில் போட்டால் எல்லாரும் பார்க்கலாமே?

போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

பல வருடத்துக்கு முன்னால் ஓர் ஆற்றோரத்தில் மீன் ஆந்தை ஜோடி கூடு வைத்திருந்ததை நான் சரியான ஜிபிஎஸ் புள்ளியோடு ஒரு குழுவில் பகிர்ந்தேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை பத்துக் கேமரா, மறைத்த கிளையை யாரோ வெட்டியிருந்தார்கள், இரவில் விளக்கு. இரண்டு வாரத்தில் கூடு காலி. அந்தப் புள்ளியை நான்தான் வைத்தேன்.

பிடித்து விற்கப்படுகிற இனங்களில் இது இன்னும் கொடுமை. வைக்கோல் தலைச் சின்னான் பாட்டுக்காகவே பிடிக்கப்பட்டு இப்போது மிக மோசமான ஆபத்து நிலையில் இருக்கிறது, தலைக்கவச இருவாச்சியை அதன் கெட்டியான கொண்டைக்காகச் சுடுகிறார்கள். இப்படிப்பட்ட இனங்களின் இடத்தை ஈபேர்ட் தானாகவே மறைத்துவிடும். நீங்கள் பதிவு செய்யலாம், செய்யவும் வேண்டும், ஆனால் வாட்சாப்பில் புள்ளியை அனுப்பினால் அந்த மறைப்புக்கு அர்த்தமே இல்லை. கூடு காலியான பிறகு படத்தைப் போடுங்கள், ஊர்ப் பெயர் மட்டும் போதும். டிரோனைக் கூட்டுக்கோ கரைப்பறவைக் கூட்டத்துக்கோ மேலே விடவே விடாதீர்கள், பருந்து என்று நினைத்து மொத்தமும் எழும்பிவிடும்.

சுங்கை பட்டாணியிலிருந்து: என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அங்கே இருந்த பறவைகளைப் பற்றி நிறையச் சொல்வார். தோட்டமே இப்போது இல்லை. அவர் சொல்வது பதிவாகுமா?

இந்தக் கேள்வியை எழுதியதற்கு நன்றி. ஆகும், ஆனால் புள்ளியாக இல்லை.

நம் ஆட்கள் விடியுமுன் இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போனவர்கள். அந்த நேரத்தில் யார் காட்டுக்குள் இருந்தார்கள்? கொட்டாப்புளியால் தட்டுகிற மாதிரி டொக் டொக் என்று கத்துகிற பக்கி என்ற இரவுப் பறவையை என் அம்மா பெயர் தெரியாமலே "ஆசாரிக் குருவி" என்பார், மலாய்க்காரர்களும் அதைத் துக்காங், அதாவது கைவேலைக்காரர், என்றுதான் சொல்கிறார்கள். எந்த மரத்துப் பொந்தில் இருவாச்சி இருந்தது, எப்போது நின்றது என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், செம்பனைக்குப் பெட்டி வைத்துக் கூகையை எலி பிடிக்கக் கூப்பிட்டார்கள், பிறகு அதையும் எடுத்து வீடு கட்டினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் எது போனது, எது வந்தது என்று பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்றால், பறவைப் படத்தைக் காட்டி "இது இருந்ததா" என்று கேட்காதீர்கள், இருந்தது என்றுதான் சொல்வார்கள். அவரையே விவரிக்க விடுங்கள், குரலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பதிவு செய்யுங்கள். வருடம் கேட்டால் வராது. "பெரிய மாமா கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா" என்று கேட்டால் வரும். தோட்டத்தின் எந்த டிவிஷன், எந்த லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) பின்னால் என்று பழைய தோட்ட வரைபடத்தில் தோராயமாக ஒரு வட்டம் போடுங்கள். வட்டம் வட்டமாகவே இருக்கட்டும், அதைப் புள்ளியாக்கி இன்றைய பதிவோடு கலக்க வேண்டாம்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: தமிழ்நாட்டில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். நாமும் பினாங்கில் ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், நான் ரொம்ப நாளாக நினைப்பது கேரளா 2015லிருந்து 2020 வரை செய்ததைப் போன்ற ஒன்று. அவர்கள் மாநிலத்தைக் கட்டம் போட்டு, அதிலிருந்து சின்னக் கட்டங்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, வெயில் காலம், மழைக்காலம் என்று இரண்டு முறை நடந்தார்கள். குலுக்கல்தான் அதில் உயிர், யாரும் தனக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. இங்கே செய்தால் ஒருவருக்குக் கொடிமலை (பினாங்கு ஹில்) வரும், இன்னொருவருக்குத் தொழிற்பேட்டைச் சாக்கடை வரும்.

பினாங்குத் தீவு சுமார் 300 சதுர கிலோமீட்டர். 2 கிலோமீட்டர் கட்டம் போட்டால், கடலோரத்து அரைகுறைக் கட்டங்களையும் சேர்த்து நூறுக்குப் பக்கத்தில் வரும். வலசை வந்திருக்கும் ஜனவரியில் ஒருமுறை, அவை போன பிறகு ஜூனில் ஒருமுறை. ஐம்பது பேர் ஆளுக்கு இரண்டு கட்டம் எடுத்தால் முடியும். தைப்பூசத்தன்று மட்டும் தண்ணீர்மலைக் கட்டத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. கட்டங்களை நான் வரைந்துவிட்டேன். பாலிக் பூலாவ் வயல் பக்கம் காலையில் ஆறரைக்கு வரக்கூடியவர்கள் இருந்தால் இந்த வாரமே சொல்லுங்கள், அங்கேதான் வெள்ளை அதிகம்.