30 பேருக்குச் சமைக்க மூன்று பாத்திர ஸ்லோ குக்கர் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் மெதுவாகச் சூடேறும் இந்த மின்சாரக் குக்கர் சமைக்க இல்லை, சமைத்ததைச் சூடாக வைத்துப் பரிமாற. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் ஒற்றை ஸ்டார் போட்டுத் திட்டிவிட்டுப் போகிறார்கள்.

நீங்களும் எங்களைப் போல அமெரிக்காவில் இருப்பவர், விசேஷத்துக்கு ஹால் எடுத்திருக்கிறீர்கள், அங்கே நெருப்பே கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். டெக்ஸாஸில் எங்கள் குடியிருப்பு கிளப் ஹவுஸிலும் அதே கதைதான். அலுமினிய ட்ரேக்கு அடியில் வைக்கிற ஜெல் டப்பாவைக்கூட விடமாட்டார்கள். கரண்ட்டில் ஓடுவது மட்டும்தான் வழி.

முதலில் அளவு. கடையில் 1.5 குவார்ட் பாத்திரங்கள் மூன்று உள்ளதும் கிடைக்கும், 2.5 குவார்ட் உள்ளதும் கிடைக்கும். சின்னது 30 பேருக்குச் சட்னிக்குத்தான் காணும். பெரியது ஒரு பாத்திரம் சுமார் 2.4 லிட்டர். விளிம்பு வரை ஊற்ற முடியாது, 2 லிட்டர் என்று வையுங்கள். ஆளுக்கு 130 மில்லி சாம்பார் என்றால் 15 பேருக்கு வரும். மீதியை ஹாட்பேக்கில் கொண்டுபோய், குறையக் குறைய ஊற்ற வேண்டியதுதான். ஊற்றுவது கொதிக்கக் கொதிக்க இருக்கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே ஊற்றி, சூட்டைக் காக்க மட்டும் உள்ள 'வார்ம்' நிலையில் வைத்தால் அது மணிக்கணக்கில் வெதுவெதுப்பிலேயே கிடக்கும். அதுதான் வயிற்றைக் கெடுப்பது. சாப்பாடு 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது.

இதிலேயே சமைத்தால் என்ன என்று கேட்பீர்கள். 'லோ'வில் வைத்தால் கொதிநிலையை நெருங்கவே ஏழெட்டு மணி நேரம் ஆகும், 'ஹை'யில் மூன்று நான்கு. துவரம்பருப்போடு புளியையும் சேர்த்துப் போட்டால் மறுநாள் காலையிலும் பருப்பு பருப்பாகவே இருக்கும். ராஜ்மா இன்னும் ஆபத்து. அதிலுள்ள நஞ்சு நன்றாகக் கொதித்தால்தான் போகும், அரைகுறையாகச் சூடான ராஜ்மா பச்சைக் கொட்டையைவிட மோசம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் அரை மணி நேரம் கொதிக்கவிட்ட பிறகுதான் இதில் போட வேண்டும். ஆட்டுக்கால் சூப்பு மட்டும் இதில் அருமையாக வரும், அதை நான் மறுக்கவில்லை. மோர்க்குழம்பு பக்கமே போகாதீர்கள், திரிந்துவிடும்.

பிரஷர் குக்கர் இருக்க இது எதற்கு என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். ஐயா, குக்கரில்தான் நானும் சமைக்கிறேன். பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னால் இரண்டு மணிக்கு வருகிற நம் ஆட்களுக்குச் சாம்பார் எப்படிச் சூடாக இருக்கும், அதைச் சொல்லுங்கள்.

மகள் பள்ளி முடித்ததற்கு விருந்து வைத்தோம். சாம்பார், சன்னா, சிக்கன் குழம்பு, இந்த வரிசையில். சிக்கனும் சாம்பாரும் ஒட்டி இருக்கக் கூடாது என்றுதான் சன்னாவை நடுவில் வைத்தேன், கரண்டிகளிலும் பெயர் எழுதி ஒட்டினேன். எங்கே! தோழியின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார், சுத்த சைவம். சன்னாவில் கிடந்த கரண்டியைத் தூக்கிப் பார்த்து, "எதுலேர்ந்து வந்த கரண்டிம்மா இது?" என்றார். அதில் சிக்கன் என்று ஒட்டியிருந்தது. அன்று அவருக்குத் தயிர்சாதம்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் வருவதாக இருந்தால் கறிக்குழம்பை வேறு மேஜையில், வேறு பாத்திரத்தில் வைத்துவிடுங்கள்.

அதே விருந்தில் ஒரு புண்ணியவான் டீ கெட்டிலைக் கொண்டுவந்து என் பிளக்குக்குப் பக்கத்திலேயே சொருகினார். இங்கே 120 வோல்ட், சாதாரணச் சுற்று 15 ஆம்பியர், ஆக 1800 வாட்தான் தாங்கும். கெட்டில் ஒன்றே 1500. ஏற்கனவே குக்கர் சில நூறு வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது. பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றது. பிரேக்கர் இருக்கிற பேனல் அறை பூட்டியிருந்தது, பொறுப்பாளர் போனை எடுக்கவில்லை. கண்ணாடி மூடியில் ஆவி குறைந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. பாத்திரம் கனமான பீங்கான் என்பதால் தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தபோதும் 60க்கு மேல்தான் இருந்தது, தப்பித்தோம். இத்தனைக்கும் அந்த ஹால்காரர்கள் சுவரில் மஞ்சள் கறை என்று முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கறை நாங்கள் போவதற்கு முன்பே இருந்தது, போட்டோவும் அனுப்பினேன். பதிலே இல்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பாட்லக்கில், அதாவது ஆளுக்கொன்று கொண்டுவரும் விருந்தில், யார் எது என்று எழுதும் பட்டியலில் பேப்பர் தட்டு, தண்ணீர் பாட்டில் என்று முந்திக்கொண்டு பெயர் எழுதிவிட்டு, போகும்போது முதல் ஆளாக டப்பா நீட்டுகிறவர்களுக்கு எந்தக் குக்கரும் போதாது.

வாங்குவதென்றால் மூன்று பாத்திரமும் தனியாகக் கழற்ற வருகிறதா, ஒவ்வொன்றுக்கும் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் தனித் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். மூடியை இறுக்கிப் பிடிக்கும் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே கார் டிக்கி முழுக்க சாம்பார்தான்.