2025-இல் மறைந்த அமெரிக்க ஜாஸ் கலைஞர் ராய் ஏயர்ஸ் யார்? அவர் வாசிப்பில் அப்படி என்ன விசேஷம்?

முதலில் ஒரு அசட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மேரி ஜே. பிளைஜ் 1994-இல் பாடிய 'மை லைஃப்' எனக்கு ரொம்ப நாளாகப் பிடித்த பாட்டு. பல வருஷம் கழித்து ஒரு நாள் நண்பரின் காரில் வேறு ஏதோ ஒரு பாட்டு ஓடியது. அதே மெட்டு, அதே மிதப்பு. "யாருய்யா இவன், மேரி பாட்டை அப்படியே சுட்டிருக்கான்?" என்று கேட்டேன். நண்பர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தார். அது 1976-இல் வந்த 'எவ்ரிபடி லவ்ஸ் த சன்ஷைன்'. பாட்டை எழுதியவர் ராய் ஏயர்ஸ். அதிலிருந்து எடுத்துக் கட்டியதுதான் மேரியின் பாட்டு.

ஏயர்ஸைத் தெரியாது என்று சொல்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். கேட்டிருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. 2025 மார்ச் 4-ஆம் தேதி நியூயார்க்கில் அவர் இறந்தார், வயது 84. அன்று ஜாஸ் ரசிகர்கள் வருந்தியதைவிட ஹிப்ஹாப், ஆர் அண்ட் பி கேட்கிறவர்கள் அதிகம் வருந்தினார்களோ என்றுகூடத் தோன்றியது.

அவர் வாசித்த வாத்தியம் வைப்ரஃபோன். பார்த்திராதவர்களுக்கு: மேசை அகலத்துக்குப் பியானோ கட்டைகள் மாதிரி இரண்டு வரிசையில் அலுமினியப் பட்டைகள், மூன்று ஸ்தாயிக்கு 37. ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய். குழாயின் வாயில் சின்னத் தகடு, அதைச் சுற்ற ஒரு மோட்டார். நூல் சுற்றிய கோலால் தட்டினால், தகடு சுழலச் சுழல ஒலி அலையடிக்கும். ஜலதரங்கம் கேட்ட காதுக்கு அந்நியமாகத் தெரியாது, ஆனால் இதன் நாதம் இன்னும் நீளமானது.

நான் ஒலிப்பதிவு உதவியாளனாக இருந்த காலத்தில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரின் மூலையில், போர்வை மூடி, இப்படி ஒன்று கிடந்தது. மோட்டாரின் ரப்பர் பெல்ட் இற்றுப்போய் அறுந்துவிட்டது. அதனால் அலையடிக்காது, ஆனால் பட்டைகள் நன்றாகத்தான் இருந்தன. மதிய இடைவேளையில் ஒரு நாள் போர்வையை விலக்கித் தட்டிப் பார்த்தேன். 'டொக்' என்று கட்டையைத் தட்டின மாதிரி செத்த ஒலி. சரி, பாழாய்ப் போனது போல என்று நினைத்தேன். அங்கே தாளவாத்தியம் வாசிக்க வரும் பெரியவர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து, கீழே இருந்த பெடலைக் காட்டினார். "தம்பி, கை சும்மா அடிக்கத்தான். வாசிக்கிறது கால்." பெடலை மிதித்துக்கொண்டு அதே பட்டையைத் தட்டினேன். ஒலி எழும்பி, அறையைச் சுற்றி வந்து, நான் மூச்சை விட்ட பிறகும் நின்றது. பட்டைகளின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பளித்துணியைப் பெடல் விலக்குகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். காலை எடுத்ததும் ஒலி சட்டென்று நின்றுவிடும்.

ராய் ஏயர்ஸைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெரியவரின் பேச்சுதான் ஞாபகம் வரும். வேகமாக வாசிக்கத் தெரியாதவர் அல்ல ஏயர்ஸ். ஆனால் தட்டிவிட்டு, அந்த ஒலியைக் கொஞ்ச நேரம் இருக்கவிட்டு, அதன் வால் அடங்கும் இடத்தில் அடுத்ததை வைப்பதில் அவருக்கு நிகர் குறைவு. இதே வாத்தியத்தின் இன்னொரு மேதை மில்ட் ஜாக்சன் மோட்டாரை மெதுவாக ஓட விட்டு வைப்ரஃபோனைப் பாடவைத்தார். கேரி பர்ட்டன் கைக்கு இரண்டாக நான்கு கோல் பிடித்துப் பியானோ போல ஆக்கினார். ஏயர்ஸ் என்ன செய்தார் என்றால், அதை நடனத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பிறந்தது 1940, லாஸ் ஏஞ்சலஸ். அம்மா பியானோ சொல்லிக்கொடுப்பவர், அப்பா டிராம்போன் வாசிப்பவர். ஐந்து வயதில் அவரை லயனல் ஹாம்ப்டனின் கச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். ஜாஸுக்குள் வைப்ரஃபோனைக் கொண்டுவந்ததே ஹாம்ப்டன் என்று சொல்லலாம். 1930-இலேயே லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் அதை வாசித்துப் பதிவு செய்தவர். பையன் போட்ட ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஹாம்ப்டன் தன் கோல்களையே அவனிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ஆனால் கையில் கோல் வந்த உடனே வாத்தியம் வந்துவிடவில்லை. வைப்ரஃபோன் அவருக்குக் கிடைத்தது 17 வயதில். இடையில் பன்னிரண்டு வருஷம் வெறும் கோல்தான்! இந்த விவரம் எனக்கு அந்தக் கச்சேரியைவிடப் பிடிக்கும்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1963-இல் 'வெஸ்ட் கோஸ்ட் வைப்ஸ்' என்று முதல் ஆல்பம், சுத்தமான ஜாஸ். 1966 முதல் புல்லாங்குழல்காரர் ஹெர்பி மன்னின் குழுவில் சில ஆண்டுகள். 1970-இல் 'யுபிக்விட்டி' என்று சொந்தக் குழு. 1973-இல் பாம் கிரியர் நடித்த 'காஃபி' படத்துக்கு இசை. அந்த இசையைத்தான் 1997-இல் இயக்குநர் டாரன்டினோ 'ஜாக்கி பிரவுன்' படத்தில் எடுத்துப் பயன்படுத்தினார்.

இனி அந்த வெயில் பாட்டு, 'எவ்ரிபடி லவ்ஸ் த சன்ஷைன்'. பதிவானது நியூயார்க்கில், கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டிய எலக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில். மெட்டு உதித்தது நல்ல வெயில் நாளில், ஆனால் பதிவு செய்தது ராத்திரியில் என்று அவரே சொல்லியிருக்கிறார். வைப்ரஃபோன் கலைஞரின் ஆகப் பெரிய பாட்டில் வைப்ரஃபோன் முன்னால் வந்து வித்தை காட்டுவதே இல்லை. பியானோவுக்கும் சிந்தசைசருக்கும் நடுவில் கரைந்து கிடக்கிறது. தேடித்தான் பிடிக்க வேண்டும். மேலே சிந்தசைசரில் மெல்லிய இழை ஒன்று நீண்டுகொண்டே இருக்கும், உச்சி வெயிலில் தார்ச்சாலைமேல் கானல் ஆடுமே, அது மாதிரி. வரிகளில் பெரிதாக ஒன்றும் கிடையாது. வெயில் எல்லோருக்கும் பிடிக்கும் என்பதுதான் மொத்தச் செய்தி. சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிற நமக்கு அது கொஞ்சம் ஓவராகப் படலாம். குளிர் தேசத்து ஆசை என்று விட்டுவிடுங்கள்.

ஜாஸை விட்டுவிட்டு ஃபங்க், டிஸ்கோ என்று ஆட்டப் பாட்டுப் பக்கம் போய்விட்டார் என்று பழைய ரசிகர்களுக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1967-இன் 'விர்கோ வைப்ஸ்' ஆல்பத்தில் சாக்ஸஃபோன்காரர் ஜோ ஹெண்டர்சன், டிரம்பெட்காரர் சார்லஸ் டாலிவர் போன்றவர்களுடன் சரிக்குச் சரியாக நின்று வாசித்தவருக்கு, ஜாஸ் கைவராமல் போகவில்லை. எளிமையாக வாசிப்பது அவராக எடுத்த முடிவு. டிஸ்கோ காலத்து ஆல்பங்கள் சிலவற்றில் சரக்கு குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில்தான், 1979-இல், நைஜீரியாவுக்குப் போய் அந்த நாட்டுப் பாடகர் ஃபெலா குட்டியோடு சுற்றுப்பயணம் செய்தார். அதிலிருந்து வந்த 'மியூசிக் ஆஃப் மெனி கலர்ஸ்' இசைத்தட்டில் ஒரு பக்கம் ஏயர்ஸ், மறுபக்கம் ஃபெலா. ஒரு பாட்டுக்கு ஒரு பக்கமே போய்விடும்.

அடுத்த தலைமுறை அவருடைய பழைய தட்டுகளை வெட்டி ஒட்டியதோடு நிற்காமல் ஆளையே கூப்பிட்டது. பாடகி எரிகா பாடூவின் 'கிளெவா' பாட்டில், 2000-இல், வைப்ரஃபோன் வாசித்திருப்பது அவர்தான். அந்த 'மாமாஸ் கன்' ஆல்பத்தின் பெரும்பகுதி உருவானதும் அதே எலக்ட்ரிக் லேடியில். 2015-இல் ராப் பாடகர் டைலர் த கிரியேட்டரின் 'ஃபைண்ட் யுவர் விங்ஸ்' பாட்டிலும் வாசித்தார், 74 வயதில். டைலருக்கு அப்போது 24.

கேட்க விரும்பினால் நான் சொல்லும் வரிசை: முதலில் 'கிளெவா'. அதில் வைப்ரஃபோன் எங்கே வருகிறது என்று காதுக்குப் பிடிபட்டுவிடும். பிறகு 'சன்ஷைன்', அதற்குப் பிறகு 1963-இன் 'வெஸ்ட் கோஸ்ட் வைப்ஸ்' பக்கம் போங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் மொத்தமும் காணாமல் போய்விடும். சுமாரான ஹெட்ஃபோன் போதும். ராத்திரி, ஃபேன் சத்தம் குறைவாக இருக்கும்போது.