மூன்று சிகரச் சுற்று: எந்தப் பக்கமாகத் தொடங்குவது?

கேள்வி: இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மூன்று சிகரச் சுற்றை ஜூன் மாதத்தில் நண்பர்களுடன் முதன்முறையாக நடக்கவிருக்கிறோம். வட்டப் பாதைதானே, எந்தத் திசையில் போனாலும் உழைப்பு ஒன்றுதானா? எங்களில் ஒருவருக்கு முழங்கால் வலி உண்டு.
– வாசகர், லீட்ஸ்

பதில்: ஏறத்தாழ 39 கிலோமீட்டர் தூரமும் 1,500 மீட்டருக்கு மேற்பட்ட மொத்த ஏற்றமும் எந்தத் திசையிலும் மாறுவதில்லை. ஆனால், செங்குத்தான சரிவுகளில் எதை ஏறுகிறீர்கள், எதை இறங்குகிறீர்கள் என்பது அடியோடு மாறிவிடுகிறது. 12 மணி நேரத்துக்குள் முடிக்க விரும்புகிறவர்களுக்கு அதுவே முக்கியம்.

ஹார்ட்டன் கிராமத்திலிருந்து இடச்சுற்றாக, அதாவது பென்-யி-கென்ட் (694 மீட்டர்), வெர்ன்சைட் (736 மீட்டர்), இங்கிள்பரோ (723 மீட்டர்) என்ற வரிசையில் நடக்குமாறு உறுதியாகச் சொல்வேன். பென்-யி-கென்ட்டின் தெற்கு முகட்டில் கைகளை ஊன்றி ஏறவேண்டிய பாறைப் படிகள் உள்ளன. களைப்பில்லாத காலை வேளையில் அவற்றை ஏறுவது இன்பம். வலச்சுற்றாக வந்தால், நாள் முழுவதும் நடந்து தளர்ந்த கால்களோடு அதே பாறைகளில் இறங்க நேரும். இங்கிள்பரோவிலிருந்து சாப்பல்-லி-டேல் பக்கம் இறங்கும் கடுஞ்சரிவும் அப்போது உங்கள் நண்பரின் முழங்காலைச் சோதிக்கும். இடச்சுற்றில் அவ்விரண்டும் ஏற்றங்களாகிவிட, வெர்ன்சைட்டிலிருந்து புருன்ட்ஸ்கார் நோக்கி இறங்கும் சரிவு ஒன்றே செங்குத்தான இறக்கமாக எஞ்சுகிறது. கடைசி இறக்கமான இங்கிள்பரோ–ஹார்ட்டன் பாதை நீளமானது, ஆனால் சாய்வு மெதுவானது. அங்குள்ள சுண்ணாம்புப் பாறைகள் மழையில் வழுக்கும் என்பதை மட்டும் மறவாதீர்கள். தென்மேற்கிலிருந்து பெரும்பாலும் வீசும் காற்றும் அந்த இறுதிப் பகுதியில் முதுகுப்பக்கமே இருக்கும்.

பெரும்பாலோர் இதே திசையில் நடப்பதால் கூட்டத்தைத் தவிர்க்க எண்ணி எதிர்த்திசையைத் தேர்வோர் உண்டு. அவர்கள் குறுகலான படிகளில் எதிர்வருவோருக்கு ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். விடியற்காலையில் புறப்படுவதே அதைவிட நல்ல வழி.

திசையைப் போலவே தொடங்கும் இடத்தையும் கவனியுங்கள். பென்-யி-கென்ட்டுக்கும் வெர்ன்சைட்டுக்கும் இடையிலுள்ள ரிபிள்ஹெட்டில் தொடங்கினால், இடச்சுற்றிலும்கூடப் பென்-யி-கென்ட்டின் பாறை ஏற்றம் கடைசியாக வந்துவிடும். ஹார்ட்டனில் தொடங்கினாலோ, முதல் சிகரம் முடிந்ததும், 24 வளைவுகள் கொண்ட ரயில் பாலத்தின் அருகே, ரிபிள்ஹெட் நிலையம் வருகிறது. அங்கிருந்து ஹார்ட்டன் ஒரே நிறுத்தம். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் நண்பர் அங்கேயே ரயிலேறட்டும். வெர்ன்சைட்டில் ஏறத் தொடங்கியபின் ஹார்ட்டன் வரை வழியில் வேறு நிலையம் இல்லை. ரயில்கள் அடிக்கடி வருவதில்லை என்பதால், நேர அட்டவணையை முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள்.